இடமிருந்து ஐந்தாவது ஆள்

காதைப் பார்க்க வேண்டும். மீசை இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும், தொப்பி மாறும், கன்னம் உப்பும், வற்றும், காது மட்டும் வயசானால் கொஞ்சம் நீளுமே தவிர அதன் மடிப்பு மாறாது என்று பயிற்சியில் சொன்னதை ஒன்பது வருஷமாக நாளொன்றுக்கு நூற்றிருபது தடவை செய்துவரும் கோகிலவாணி, இன்றைக்குத் தயிர்சாத டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, திரையில் இருந்த மனிதனின் காதையே ஐந்து நிமிஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் உள்ளே போகவில்லை. பழைய சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த சின்ன அட்டை அது. கோடு போட்ட சட்டை, கையில் மட்டை, மூக்குக்குக் கீழே எண்ணெய் தடவி முறுக்கின மீசை. அமெரிக்காவில் யாரோ ஒருவர் இந்த மாதிரி அட்டைகளையும் தகரப் பொத்தான்களையும் ஏலம் விடுகிறார், அதில் இருக்கிற பேஸ்பால்காரர் யார் என்பதைச் சரவணம்பட்டியில் நாலாவது மாடியில் உட்கார்ந்து முப்பத்தெட்டுப் பேர் கண்டுபிடித்துக் கொடுக்கிறார்கள். பேஸ்பால் ஆட்டத்தை அவள் முழுசாகப் பத்து நிமிஷம் பார்த்ததில்லை. யார் பந்து போடுகிறான், யார் எதற்காக ஓடுகிறான் என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன இந்த ஆட்களின் காதுகளை அவர்களைப் பெற்றவளைவிட நன்றாகத் தெரியும். இவன் ரேஷன் கடைக்காரர் மாதிரி இருக்கிறான். நேற்று வந்தவன் அவளுடைய மாமனார் மாதிரியே இருந்தான், அதே சிடுசிடுப்பு. வலது பக்கத்துப் பட்டியலில் ஆறு பெயர்கள் காத்திருந்தன, ஒன்றைத் தொட்டால் போதும். தொடுவதற்கு விரல் இருந்தது, ஆனால் அது யாருடையதோ மாதிரி மவுஸின் மேல் கிடந்தது. பதினைந்து நாளாக இப்படித்தான். அம்மா போனதிலிருந்து காபி சூடாக இருக்கிறது என்று தெரிகிறது, நாக்கு சுடுவதில்லை. அழுதுரு கண்ணு, அழுதுட்டா லேசாயிரும் என்று அவளைக் கட்டிக்கொண்டு பெண்கள் ஒவ்வொருத்தராக அழுதுவிட்டுப் போனார்கள். அவளோ அந்தத் தோள்களுக்கு மேலாகப் பார்த்து, கேஸ் சிலிண்டரை மூடினோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைத் தூக்கும்போதும் அதே யோசனைதான். மூடியிருந்தது, சாயங்காலம் போய்ப் பார்த்தாள்.

மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த போன் ஒன்று ஐம்பதுக்கு இரண்டு தடவை அதிர்ந்தது. தம்பி மயில்சாமி. இரண்டு படம் அனுப்பியிருந்தான், கீழே, ஓகேவா அக்கா, நாலு மணிக்குள்ள சொல்லோணும், பிரிண்ட் போட்டு பிரேம் மாட்டோணும், நாளைக்குப் பதினாறு. அவள் பார்த்தாள். முதல் படத்தில் அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், பின்னால் ஊதாத் திரைச்சீலை, கீழே இரண்டு பெயரும் இரண்டு தேதியும். இப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள், முன்னே போனவரையும் பின்னே போனவரையும் ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஒன்றாக நிற்க வைத்துவிடுகிறார். சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாத ஜோடிக்குக்கூடச் செத்த பிறகு கிடைத்துவிடுகிறது. அம்மாவுக்கு அறுபத்தாறு, கதர்க் கடையில் வாங்கின சந்தன நிறச் சேலை, கண்ணாடி. அப்பாவுக்கு இருபத்தொன்பது. பார்க்கிறவர்கள் பையனோடு நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள், அம்மாவே பார்த்தால் சிரித்திருப்பாள், ஏனம்மிணி, இவனுக்குப் பொண்ணு பாக்கற வயசாட்ட இருக்குதே என்று. சிரிப்பு வருகிற இடம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அந்த முகம் அவளுக்குச் சுவரில் இருந்த முகம். வேறு விதமாக அப்பாவை அவளுக்குத் தெரியாது. அவளுக்கு மூன்று வயசு, மயில்சாமி வயிற்றில், மில்லில் சிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த மனிதனை லாரி அடித்து, முகம் இருந்த இடத்தில் துணியைச் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். மருதமலையில் யாருக்கும் சொல்லாமல் தாலி கட்டிக்கொண்ட கல்யாணம், போட்டோ எடுக்க ஆளில்லை, இரண்டு பக்கத்துச் சொந்தமும் எட்டிப் பார்க்கவில்லை. மில்லில் விளையாட்டு அறைச் சுவரில் மாட்டியிருந்த வாலிபால் குழுப் படத்திலிருந்து ஒரு தலையை மட்டும் பெரிசுபண்ணிச் சங்கத்துக் குமாஸ்தா மாலையோடு கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் அப்பா. பத்தாம் வகுப்பு மார்க்கை முதலில் அதனிடம்தான் போய்ச் சொன்னாள். பெண் பார்க்க வந்து போன அன்றைக்கு, எனக்கு வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா என்று அதனிடம்தான் கெஞ்சினாள், அது சொல்லவில்லை, கல்யாணம் நடந்தது, வீட்டுக்காரர் நல்ல மனிதராகவே அமைந்தார், ஆகவே அது சொல்லாததும் நல்லதுக்குத்தான் என்று ஆயிற்று. அம்மா மட்டும் அந்தப் படத்தை வெள்ளிக்கிழமை துடைத்துப் பொட்டு வைக்கும்போது கண்ணாடியின் மூலையைப் பார்த்துக்கொண்டே துடைப்பாள். துக்கம் என்று நினைத்திருந்தாள் இவள்.

இரண்டாவது படம் அந்தக் குழுப் படம். அம்மா பீரோவில் சேலைக்கு அடியில் இருந்ததாம், எப்போது மில்லிலிருந்து வாங்கி வந்தாள் என்று யாருக்கும் தெரியாது, ஸ்டுடியோக்காரர் இதிலிருந்து எடுத்தால் முகம் தெளிவாக வரும் என்றாராம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு, நிற்கிறவர்கள், உட்கார்ந்திருக்கிறவர்கள், நடுவில் ஒரு கோப்பை, அடியில் வெள்ளை எழுத்தில் பெயர்கள், இடமிருந்து வலம். குழுப் படம் வந்தால் முகத்தைப் பார்க்காதே, முதலில் தலையை எண்ணு, அப்புறம் பெயரை எண்ணு, இரண்டும் ஒத்தால்தான் மேலே போ, இதுவும் பயிற்சியில் சொன்னதுதான். அவள் எண்ண வேண்டும் என்று நினைத்து எண்ணவில்லை. ஒன்பது வருஷப் பழக்கம், கண் தானாக எண்ணிவிட்டது. நிற்பவர்கள் ஒன்பது தலை. நிற்பவர்கள் எட்டுப் பெயர். மறுபடி எண்ணினாள். ஒன்பது, எட்டு. வேலையில் இது அன்றாடம் வருவதுதான், பட்டியலில் சேராத யாராவது ஒருத்தர் ஓரத்தில் வந்து நின்றிருப்பார், அவர் வலது கடைசியில் நின்றால் யாருக்கும் சேதமில்லை, இடது கடைசியில் நின்றால் எல்லாப் பெயரும் ஒரு ஆள் தள்ளிப் போகும். ஐந்தாவது பெயர் கே. நஞ்சப்பன். ஐந்தாவது ஆள் சுவரில் இருக்கிற அப்பா. சரிதானே, சரிதான், வலது கடைசியைப் பார்த்தாள், அரை டிராயர், பனியனில் எண் பதினொன்று, ஆட்டக்காரர். இடது கடைசியைப் பார்த்தாள். முழுக்கால் சட்டை, எண் இல்லாத காக்கிச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. வலை கட்டுகிற ஆளோ, மைதானத்தைப் பூட்டுகிற ஆளோ, போட்டோ எடுக்கிறார்கள் என்றதும் ஓடி வந்து ஓரத்தில் நின்றிருக்கிறார், பாவம். யாருக்குத்தான் ஆசை இருக்காது. காலில் செருப்புக்கூட இல்லை. அவருடைய வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், மற்றதை நினைப்பதற்குப் பதிலாக.

அப்படியானால் ஐந்தாவது ஆள் நாலாவது பெயர். எஸ். தேவராஜ். யார் அது என்று மனசு கேட்பதற்குள் கை முகத்தைப் பெரிசு பண்ணிவிட்டது. இடது காதின் மேல் விளிம்பு நோட்டுப் புத்தகத்து முனை மாதிரி மடங்கிப் படிந்திருந்தது. நாற்பத்தொரு வருஷமாகப் பார்த்த காது. ஆனால் வேறு எங்கோ, சமீபத்தில், நரைமயிர் முளைத்து, உயிரோடு. அம்மாவைக் கிடத்தியிருந்த அன்றைக்கு ஒரு பெரியவர் வந்தார், தலைமாட்டில் மாலையை வைத்துவிட்டுப் போகாமல் சுவரில் இருந்த படத்துக்கு எதிரில் போய் நின்றார், ரொம்ப நேரம் நின்றார், கும்பிடக் கையைத் தூக்கிவிட்டுக் கும்பிடாமல் கீழே விட்டார். அவர் முதுகைக் காட்டி நின்றதால் அவளுக்குத் தெரிந்தது காது மட்டும்தான். பார்த்தாள், கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொண்டே பார்த்தாள். அவரேதான். அந்த மனிதர் தன்னுடைய படத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், நெற்றியில் பொட்டும் கழுத்தில் மாலையும் கீழே விளக்குமாக. உயிரோடு இருக்கிற ஆளின் படத்துக்கு ஒரு பூவைச் செருகினால்கூட எடு எடு என்று பதறுகிற ஊரில் அவருக்கு நாற்பத்தொரு வருஷமாகத் திதி நடந்திருக்கிறது. வடை பாயசத்தோடு. சாகவில்லை, ஆயுசுதான் கூடியிருக்கிறது போல. இதையும் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கு உள்ளங்கை மட்டும் குளிர்ந்தது. பயமா, ஏசியா, தெரியவில்லை. நாளைக்குக் காலையில் அம்மா ஊதாத் திரைக்கு முன்னால் இந்த மனிதரோடு நிற்கப்போகிறாள், மயில்சாமி பேரன் பேத்திகள் காலம் வரைக்கும் நிற்பாள், யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்றால் என்ன நஷ்டம் என்று ஒரு குரல் கேட்டது, அது அவளுடைய குரல்தான். ஓகே என்று இரண்டு எழுத்துத் தட்டினால் முடிந்தது. ஓ தட்டினாள். அழித்தாள். வேறொரு பயம் மெதுவாக மேலே வந்தது, இவர் இல்லையென்றால் அப்பா ஆறாவது ஆள், அந்த ஆறாவது ஆளைப் பெரிசு பண்ணிப் பார்க்க அவளுக்குக் கை வரவில்லை. ஊர் பேர் தெரியாத அமெரிக்கனை இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடிக்கிறவளுக்கு, பெற்ற அப்பனை ஒன்பது பேருக்கு நடுவில் நிற்க வைத்தால் தெரியாது. அவனை அப்பா என்று கூப்பிட எந்த அடையாளமும் அவளிடம் இல்லை.

படிக்கட்டுக்கு வந்து போனில் மயில்சாமியைக் கூப்பிட்டாள். சொல்லுக்கா, ஓகேவா, என்றான். மயிலு, அன்னைக்கு ஒரு பெரியவர் வந்து படத்துக்கு முன்னால நின்னாரே, யாரு அது? என்றாள். யாரு, போத்தனூர்க்காரரா, தேவராஜ்னு பேரு, அம்மாவோட போன் நோட்டுல இருந்துது, நோட்டுல இருக்கற எல்லாத்துக்கும் சொன்ன மாதிரி அவருக்கும் சொன்னேன், எதுக்கு கேக்கறே? என்றான். அவள் சொன்னாள். தலை ஒன்பது, பெயர் எட்டு, சாவிக்கொத்து, காது, எல்லாவற்றையும் வேலையில் குறிப்பு எழுதுகிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். பிறகு அவன், ஏக்கா, ஆபீஸ் வேலையெல்லாம் ஊட்டுக்குக் கொண்டாராத, என்றான். அப்பாவோட காதையெல்லாம் யாருக்கா உத்துப் பாக்கறாங்க, நாளைக்கு எரநூறு பேரு வர்றாங்க, இப்பப் போயி அது அப்பா இல்லீங்கன்னு சொன்னா, எனக்கு வேற அப்பன் ஏது? கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. பிறக்கும் முன்னாலேயே அப்பனை இழந்தவன், அவனுக்கு இருந்தது அந்தப் படம் மட்டும்தான். நம்பர் குடு, என்றாள் அவள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எண்ணைப் படித்தான். ஒவ்வோர் இலக்கமாக உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள், மை பிடிக்காமல் வழுக்கியது. கீழே யாரோ லிப்டில் சிரித்தார்கள். எரநூறு பேருக்கு இட்லி சொல்லியாயிற்றா என்று தம்பியிடம் கேட்க மறந்தது ஞாபகம் வந்தது.

ஆறு தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தார். யாருங்க? என்றது குரல். சுவரில் இருந்த முகத்துக்கு அவள் சின்ன வயசில் ஒரு குரல் வைத்திருந்தாள், கொஞ்சம் கனமாக, வானொலிச் செய்தி படிக்கிற மாதிரி. இது கரகரவென்று சளி கட்டின குரல். கோகிலாங்க, நஞ்சப்பன் மகளுங்க, என்றாள். சாப்டியா அம்மிணி? என்றார். மத்தியானம் இரண்டரைக்கு எவரும் கேட்பதுதான். ஆனால் அந்த முகம் அவளிடம் வாயைத் திறந்து எதையும் கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். சாப்டனுங்க. ஒண்ணு கேக்கோணுங்க. ஊட்டுல இருக்கற படம்... அவர் முடிக்க விடவில்லை. நாந்தான் அம்மிணி அது. குமாஸ்தா எண்ணுனதுல ஒரு ஆளு தப்பிப்போச்சு. அன்னைக்கு வந்து பாத்த மில்லு ஆளுக எல்லாருக்கும் தெரியும். பின்ன ஏனுங்க யாரும் சொல்லலே? என்றாள். அவர் இருமினார். யாரிடமோ டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். உங்கம்மா மொதல்லயே கண்டுக்கிட்டா, இது அவரில்லீங்க, எடுத்துட்டுப் போங்கன்னு வாயத் தொறந்தா. நீ ரெண்டு நாளா அப்பா எங்க, அப்பா எங்கன்னு அழுது, தொண்டை கட்டி, சொட்டுத் தண்ணி குடிக்காம கெடந்தே. பொறந்ததுல இருந்து என்னையும் பாத்தவதான, என்ற தோள்ல ஏறாத நாளில்ல, பழகின மூஞ்சின்னு நெனச்சியோ என்னமோ. படத்தைக் கொண்டாந்து வெச்சதும் நீ போயி அதுல கைய வெச்சு, அப்பான்னே. அழுகைய நிறுத்துனே. பால் கேட்டே. உங்கம்மா அப்பிடியே வாய மூடிக்கிட்டா. மூணாம் நாளு நான் வந்தப்ப வாசல்லயே கும்பிட்டா. அண்ணா, எம்புள்ள உங்க மூஞ்சிய அப்பான்னு சொல்லீட்டா, உங்கள உசுரோட பாத்தா அவளுக்குக் குழம்பிப்போயிரும், இனி இந்தப் பக்கம் வராதீங்கன்னா. வரலே. அவ போனதுக்கப்பறந்தான் வந்தேன்.

நாளொன்றுக்கு நூற்றிருபது பேரை அடையாளம் சொல்கிறவள் முதன்முதலாகச் சொன்ன ஆள் தப்பு. அதற்காக அம்மா நாற்பத்தொரு வருஷம், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, வேற்று ஆம்பளை முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியின் மூலையைப் பார்த்துத் துடைத்தாள். தன் புருஷன் முகத்தைச் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பீரோவைச் சாத்திக்கொண்டு, எப்போது பார்த்தாளோ. எத்தனை தடவை சொல்ல நினைத்திருப்பாள். பத்தாம் வகுப்பு மார்க்கை ஓடிப்போய்ச் சொன்னபோது அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாளே, அப்போது? ஒரு வேளை சொல்ல நினைக்கவே இல்லையோ, பழகிப்போயிருக்குமோ, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வலிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. படியின் விளிம்பு தொடையில் அழுத்துவது வலித்தது, அது வேறு. எங்கப்பா எதுங்க? என்று கேட்டாள். தன் குரல் தனக்கே விசாரணை கவுண்ட்டர் குரல் மாதிரி இருந்தது. எனக்கு அடுத்தாப்புல நிக்கறவன் அம்மிணி, என்றார் அவர். சிரிச்சிட்டிருப்பான். போட்டோ எடுக்கறப்ப ஆரும் சிரிக்கப்படாதுன்னு சொன்னாங்க, கேக்கலே. என்ற தோள் மேல கையப் போட்டிருப்பான் பாரு. அது யாரு பக்கத்துல நின்னாலும் போட்டுக்குவான். பிறகு, நான் நாளைக்கு வரட்டுங்களா, வேண்டாமா? என்று கேட்டார். எழுபது வயசுக்கு மேல் ஆனவர் வாசலில் நின்று கேட்கிற மாதிரி கேட்டார். வாங்க, என்றாள். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அதோடு வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டபோது மயில்சாமி ஸ்டுடியோவில் இருந்தான். அவரு சொல்லீட்டாரு, ஆறாவது ஆளு, என்றாள். அவன் அதை ஸ்டுடியோக்காரரிடம் சொல்வது கேட்டது. இட்லி சொல்லீட்டியா? என்றாள். சொல்லீட்டேன், என்றான். பிறகு, அவரு சிரிச்சிட்டிருக்கறாருக்கா, என்றான், அந்த முகத்தை அவனும் இப்போதுதான் பார்க்கிறான் என்பது தெரிந்தது. போனை அவன் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான், ஸ்டுடியோக்காரர் என்னவோ கேட்டார். அக்கா, கை ஒண்ணு அடுத்த ஆளு தோள் மேல கெடக்குது, மணிக்கட்டோட வெட்டீரட்டுமான்னு கேக்கறாரு. வேண்டாம், என்றாள். பின்ன கை அந்தரத்துல நிக்குமே, என்றான். அவள் படிக்கட்டுச் சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அம்மாவ அந்தப் பக்கம் நிக்க வெக்கச் சொல்லு, என்றாள். கைக்குக் கீழ. மயில்சாமி அதைச் சொன்னான். ஸ்டுடியோக்காரர் நியாயமான மனிதர், அது வலப்பக்கமாச்சுங்களே, சம்சாரம் இடப்பக்கந்தானுங்க நிக்கோணும், வர்றவங்க கேப்பாங்களே என்றது அவளுக்கே கேட்டது. கேக்கட்டும், என்றாள்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் படம் வந்தது. ஊதாத் திரைச்சீலை, இருபத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, அவனுக்கு வலப்பக்கத்தில் கண்ணாடி போட்ட கிழவி, சந்தனச் சேலை மூடின தோளில் நாலு விரல். நிழல் சரியாக விழவில்லை, ஆனால் கை கையாகவே இருந்தது. அவனை அவள் முன்னே பின்னே பார்த்ததில்லை. ரோட்டில் எதிரே வந்தால் வழி விட்டு நடந்திருப்பாள். உதட்டைப் பிரித்து அப்பா என்று சொல்லிப் பார்த்தாள். மூன்று வயசில், தப்பான ஆளைப் பார்த்து, அத்தனை சுலபமாக வந்தது இப்போது வெறும் காற்றாகத்தான் வந்தது. அவள் ஓகே என்று அனுப்பினாள்.